பிரேக் மிதிக்காத ரவுண்டு

வாங் தம்பி, வாங்க. சேலத்துல இருந்து போன் பண்ணினது நீங்கதானுங்களே? செருப்பைக் கழட்ட வேண்டாம். ஆயில் கொட்டிக் கெடக்குது, பாத்துக் கால் வைங்க. வண்டி அந்த மூலையில நிக்குது பாருங்க, தார்ப்பாய் போத்தி. ஒரு கை புடிங்க. மெதுவா, மெதுவா. கண்ணாடியில மாட்டிக்கும்.

ம், பாத்துக்குங்க. ஒத்தை சீட்டு ரேஸ் வண்டி. இஞ்சினைப் பிரிச்சு மாட்டினது என்ற கையில. உக்காந்து பாக்கறீங்களா? உக்காருங்க, வெலைக்கு வாங்க வந்துட்டு நின்னுட்டே பாத்தா எப்படி? மொதல்ல வலது காலை உள்ள விடுங்க, அப்புறம் இடுப்பு. அவ்வளவுதான்.

என்னங் தம்பி, சிரிக்கறீங்க?

பிரேக்கு லேசா இருக்குதுங்களா? ஆமா, லேசாத்தான் இருக்கும். சீட்டு நெட்டுக்குத்தலா இருக்குதா? அதுவும் அப்படித்தான் இருக்கும். மத்த வண்டியில எல்லாம் சாய்வு நாற்காலியில படுத்த மாதிரி ஓட்டுவாங்க, இதுல பள்ளிக்கூட பெஞ்சில உக்காந்த மாதிரி இருக்குது, அதானே? மாத்தித் தரச் சொல்றீங்க. போன வாரம் ஓசூர்ல இருந்து வந்தவரும் இதையேதான் சொன்னாரு. அவரை வந்த வழியே தாட்டி உட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க. மாத்தறது ஒரு வேலையே இல்லை. ஆனா இந்த செட்டிங்குல இந்த வண்டி ஓடின ஓட்டம் என்னன்னு தெரிஞ்சுக்கங்க, அப்புறம் சொல்லுங்க.

டீக்குச் சொல்லியிருக்கறேன், வந்துரும். நீங்க உள்ளயே உக்காந்திருங்க. அதுல உக்காந்துட்டுக் கேட்டாத்தான் புரியும்.

இதை ஓட்டினவன் என்ற தங்கச்சி பையனுங்க. சிபி. சிபிச்சக்கரவர்த்தின்னு பேரு வெச்சதே நான்தான். மடியில உக்கார வெச்சுக் காது குத்தினேன், தாய்மாமன் முறைக்கு. அன்னிக்கு அழுதானுங்க, பாருங்க, மண்டபமே அதிர்ந்து போச்சு. அவ்வளவு மூச்சு புடிச்சு அழுவான். அந்த வயசுலயே நான் சுலோசனாகிட்ட சொன்னேன், இவனை எங்கிட்ட உட்டுரு புள்ளைன்னு. சுலோசனாங்கறது என்ற தங்கச்சி. மச்சான் பாவம், எதுக்கும் வாயைத் தொறக்க மாட்டாரு.

நானும் ஓட்டினவன்தானுங்க. சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, பழைய ஆளுகளுக்குத் தெரியும். ஆனா பரிசு குடுக்கற மேடையில நடுப்படியில ஒரு நாளும் நின்னதில்லை. ஓரத்துலதான் நிப்பேன், நடுவுல இருக்கறவன் மேல பூச்செண்டு விழும். ஏன் தெரியுங்களா? பயம். வளைவு வந்தா கால் தானா பிரேக்குக்குப் போயிரும். எவ்வளவு சொன்னாலும் கேக்காது. அந்தக் கால்தானுங்க என்னைக் கெடுத்துது. சிபிக்கு அப்படிக் கால் இருக்கக் கூடாதுன்னுதான் சின்னதுல இருந்து ஓட்ட உட்டேன். அவனும் நல்லா வந்தான். இல்லைன்னு சொல்லக் கூடாது.

கொரோனா ரெண்டாவது அலை வந்துது பாருங்க, அந்த வருசம். சித்திரை மாசம். சீசன் தொடங்கறதுக்கு முன்னால வண்டியெல்லாம் டிராக்குல ஓட்டிப் பாப்போம், டெஸ்டிங்கும்பாங்க. மூணு நாள். சென்னைக்கு வெளியில இருக்கற டிராக்கு. கொரோனா ஏறிட்டே இருக்குது, நடக்குமா நடக்காதான்னு கடைசி வரைக்கும் தெரியலை. நடக்கும்னாங்க. சனங்க கூடக் கூடாது, மாஸ்க் போடணும், கேட்டுல சூடு பாப்பாங்கன்னாங்க. நான் லாரியில வண்டியை ஏத்திட்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு அவசரம்னா, ஒரு பெயிண்ட் கம்பெனிக்காரரு. கடைசி நாள் நேர்ல வந்து பாக்கறேன்னு சொல்லியிருந்தாரு. பையன் ஓட்டற ஓட்டம் புடிச்சிருந்தா சீசன் முழுக்க அவங்க செலவு. அடுத்த வருசம் மலேசியா. மலேசியாங்க! நான் பாஸ்போர்ட்டு கூட எடுத்ததில்லை. சிபி எடுத்து வெச்சிருந்தான். போட்டோவுல சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியும் சிரிச்சிருந்தான்.

போய் எறங்கின அன்னிக்கே நம்ம ஆளுக எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்லிட்டேன். நான் ஒளிவு மறைவு இல்லாத ஆளுங்க. சொன்னேன்: "எவனுக்காச்சும் ஒடம்பு சரியில்லைன்னா மறைக்காமச் சொல்லணும். சொன்ன நிமிசம் ஊருக்கு பஸ் ஏத்திருவேன். அந்த எடத்துக்கு வேற ஆளு. மாப்ள, இது உனக்கும் சேத்துத்தான். வெளியில ரெண்டு பசங்க ஹெல்மெட்டைக் கையில வெச்சுட்டு நிக்கறாங்க, மாமன் மச்சான்னு பாக்க மாட்டேன்." இவ்வளவு தெளிவாச் சொல்லியும் ஒருத்தன் மறைச்சான்னா தப்பு யார் மேலங்க? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் அந்த சூடு பாக்கற துப்பாக்கி. நெத்திக்கு நேரா காட்டுவாங்களே, அதுதான். அது பெரிய ரோதனைங்க. ரேஸ் டிரெஸ்ஸு தெரியுமில்ல, தீப்புடிக்காத துணி, மூணு அடுக்கு. சித்திரை வெயில்ல அதையும் போட்டு ஹெல்மெட்டையும் மாட்டிட்டு வந்தா எவன் நெத்திதான் கொதிக்காது? மொத நாள் காலையில நல்லா இருக்கற ரெண்டு பசங்களை, வேற டீம்காரனுக, காய்ச்சல்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. அழுதுட்டுப் போனானுக. நான் பாத்தேன். நம்ம ஆளுகளுக்கு ஒரு வழி பண்ணினேன். ஐஸ் தண்ணியில துண்டை நனைச்சு கழுத்துல போட்டு, கொஞ்சம் நெழல்ல உக்கார வெச்சு, அப்புறம் நெத்தியக் காட்டாம மணிக்கட்டைக் காட்டச் சொன்னேன். ஒருத்தனுக்கும் ஏறலை. மூணு நாளும் ஏறலை. வேற டீம்காரங்க வந்து எங்கிட்டக் கேட்டுட்டுப் போனாங்க, எப்படிங் சென்னியண்ணான்னு. நம்ம யோசனையைத்தான் எல்லாரும் பண்ணினாங்க.

நம்மகூட ராயப்பண்ணன் இருந்தாரு. மெக்கானிக்கு, இருவது வருசமா எங்கூட. கையைக் கட்டிட்டுச் சும்மா இருக்க மாட்டாரு. டிரைவரு வாயைத் தொறந்து ஒரு குறை சொல்லட்டும், ஸ்பானரோட வந்து நிப்பாரு. அப்படி ஆளு.

மொத நாளே கிளட்ச்சைத் தீய உட்டுட்டானுங்க சிபி. புது கிளட்ச்சு! தீஞ்சா என்ன நாத்தம் அடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். மயிர் பொசுங்கற மாதிரி. அங்க டீ ஊத்திட்டிருந்தவன் மூக்கைப் பொத்தறான், நாங்க மாஸ்க்குக்குள்ள இருமறோம், இவன் பாட்டுக்கு உள்ள உக்காந்துட்டு இன்னொரு ரவுண்டு போகட்டுங்களா மாமான்னு கேக்கறான். எனக்கு வந்துது பாருங்க கோவம். எல்லாரு முன்னாலயும் கேட்டுப்போட்டேன். "ஏன்டா, மூக்கை வீட்டுல வெச்சுட்டு வந்தியா?"ன்னு. தலையைக் குனிஞ்சுட்டான். ராயப்பண்ணன் மெதுவா வந்து, "பையனுக்கு வாசனை தெரியலையோ என்னமோ"ன்னாரு. நான் சொன்னேன், நாள் பூரா பெட்ரோலை மோந்துட்டு இருக்கறவனுக்கு மூக்கு எங்கண்ணா வேலை செய்யும், எனக்கே மல்லிப்பூ வாசனை தெரிஞ்சு பல வருசமாச்சுன்னு. அவரும் சிரிச்சாரு. கிளட்ச்சைக் கழட்டப் போயிட்டாரு.

ரெண்டாவது நாள்தான் தம்பி, இந்த வண்டி இந்த வண்டியாச்சு.

காலையில வந்தான். "மாமா, பிரேக்கு கல்லு மாதிரி இருக்குதுங். மிதிக்க முடியலை." முந்தின நாள் சரியா இருந்த பிரேக்குதான். ஆனா நம்ம பழக்கம் என்னன்னா, டிரைவரு சொன்னா அது வேதவாக்கு. வண்டியைப் பத்தி அவன் சொல்றதை எதுத்துப் பேசக் கூடாது. அவன்தானே உள்ள உக்காந்திருக்கறான்? ராயப்பண்ணன் லேசாக்கினாரு. ஓட்டிட்டு வந்தான். "இன்னுங் கொஞ்சம்." இன்னும் லேசாக்கினாரு. சின்னக் கொழந்தை மிதிச்சாலும் புடிக்கும், இப்ப நீங்க மிதிச்சீங்களே, அப்படி.

அப்புறம் சீட்டு. "மாமா, படுத்த மாதிரி இருந்தா ஓட்ட முடியலீங், தூக்கிக் குடுங்க." "ஏன்டா, எட்டு வருசமா நீ படுத்துத்தானே ஓட்டறே?"ன்னேன். "முன்னால தெரிய மாட்டீங்குது"ன்னான். சரின்னு முதுகுக்கு பஞ்சு வெச்சுத் தூக்கினோம். தலை காத்துல நிக்குது, அதனால வேகம் கொஞ்சம் கொறையும், இருந்தாலும் செஞ்சு குடுத்தோம். அப்புறம் பெல்ட்டு நெஞ்சை அமுக்குதுன்னான். தளத்தினோம். தலை பாரமா இருக்குது, ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டிட்டு வரட்டுங்களான்னான். நான் பாத்தேன், ஹெல்மெட்டு புதுசு. அதான் அமுக்குதுன்னு உள்ள இருக்கற பஞ்சைச் செதுக்கிக் குடுத்தாரு ராயப்பண்ணன். சாயங்காலமா ஆஸ்பத்திரிக்குப் போயிக்கலாம் மாப்ள, அது எங்க ஓடிப் போகுதுன்னேன். சாயங்காலம் அவனே தூங்கிட்டான். நான் எழுப்பலை, பாவம்னு உட்டுட்டேன்.

அவன் கேட்டு நாங்க செய்யாதது எதுங்க? ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம். ரேடியோ கூட. காதுல மாட்டிட்டுப் பேசுவோமே, அதுல அன்னிக்கு ஹ... ஹ...ன்னு ஒரே சத்தம். அவன் பேசறதே வெளங்கலை. மைக்குல காத்தடிக்குதுன்னு ராயப்பண்ணன் அதுக்கும் ஒரு பஞ்சை வெச்சுக் கட்டினாரு. அப்புறம் சுத்தமாச்சு. அவன் குரல் மட்டுந்தான் கேட்டுது.

மறைச்சான்னு நான் சொல்றேன். சுலோசனா என்னமோ, அவன் சொன்னான் நீதான் கேக்கலைங்கறா. என்னங்க சொன்னான்? பிரேக்கு சரியில்லைன்னான். சீட்டு சரியில்லைன்னான். தலைவலின்னான். ஒரு வாட்டியாவது கொரோனான்னு சொன்னானா?

மூணாவது நாளுக்கு வர்றேன்.

பெயிண்ட் கம்பெனிக்காரரு வந்தாரு. ரெண்டு மாஸ்க்கு, கையில உறை, கண்ணுக்குக் கண்ணாடி. கை குடுக்கலை, கும்புட்டாரு. நான் பக்கத்துல போனா அவரு பின்னால போறாரு. போகட்டும், அந்த நேரம் அப்படி. சிபியைக் கூப்புட்டுக் காட்டினேன். வணக்கம் சார்ன்னான். கண்ணு செவந்திருந்துது. நைட்டெல்லாம் ரேஸைப் பத்தியே நெனைச்சுட்டிருப்பான் சார்ன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. எனக்குத் தெம்பு வந்துது.

மொதல்ல ஓட்டினது சுமாருதானுங்க. பயந்து பயந்து ஓட்டறான். ரேடியோவுல சொன்னேன்: "மாப்ள, மனுசன் பாத்துட்டு நிக்கறாரு. இத்தனை வருசம் ஓட்டினது எல்லாமே இந்த ஒரு ரவுண்டுக்குத்தான். மாமன் மானத்தைக் காப்பாத்து." அவனுக்குக் கேட்டுதான்னு தெரியலை. ஆனா கேட்டிருக்கும். கேக்காம அப்படி ஓட்ட முடியுங்களா?

அந்த டிராக்குல மூணாவது வளைவு ஒண்ணு இருக்குது. நேரா வந்து இடது பக்கம் பெருசாத் திரும்பும். அங்க எப்பேர்ப்பட்ட கொம்பனும் பிரேக்கைத் தொடுவான். கொஞ்சமாவது தொடுவான். தொட்டா இஞ்சின் சத்தம் ஒரு நொடி எறங்கும், கேட்டுட்டு நிக்கறவனுக்குத் தெரியும். வண்டி அந்த எடத்துக்கு வர்றப்ப நான் கண்ணை மூடிட்டு நிப்பேன். காதுலதான் பாப்பேன். எனக்கு அப்படிப் பழக்கம்.

எறங்கலைங்க, தம்பி. அன்னிக்கு சத்தம் எறங்கவே இல்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கண்ணைத் தொறந்தேன். வண்டி வெளி ஓரத்துக்குப் போயி, கட்டையில ஏறி, மண்ணைக் கெளப்பிட்டு, திரும்பி நேரா வந்துட்டிருக்குது. என்ற காலு, இந்தக் காலு, தரையில பிரேக்கை மிதிச்சுட்டு நிக்குது. நான் வெளியில நிக்கறேன், எனக்கே கால் போகுது. அவனுக்குப் போகலை. ரவுண்டு முடிஞ்சதும் ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினேன். இந்த வகை வண்டியில அந்த டிராக்குல அப்படி ஒரு நேரத்தை நான் பாத்ததே இல்லை. ராயப்பண்ணன் வாட்ச்சை வாங்கி வாங்கிப் பாக்கறாரு. அடேய், அடேய்னு கத்தறேன் நான். கண்ணுல தண்ணி. ஐம்பது வயசு மனுசன், பொட்டிக் கடையில முட்டாய் வாங்கின பையன் மாதிரி குதிக்கறேன்.

திரும்பிப் பெயிண்ட்டுக்காரரைப் பாத்தா, மனுசன் முதுகைக் காட்டிட்டு நின்னு போன் பேசிட்டிருக்கறாரு. அவரு மாமனாருக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் பெட் கெடைக்கலையாம். அந்த நேரத்துல வரணுமா அந்தப் போனு? என்ற நேரத்தைப் பாருங்க.

சிபி டிராக்கை உட்டு உள்ள வந்தான். எங்க எடத்துல நிக்கலை. தாண்டிப் போயி, கடைசியில டயரு அடுக்கியிருக்கும், அதுல மெதுவா முட்டி நின்னான். நான் சிரிச்சுப்போட்டேன். சந்தோசத்துல பிரேக்கு இருக்கறதையே மறந்துட்டான் பாருங்கன்னு பெயிண்ட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். எல்லாரும் கை தட்டறாங்க. அவன் எறங்கலை. கையை மேல தூக்கலை. ஹெல்மெட்டோட அப்படியே உக்காந்திருக்கறான், நீங்க உக்காந்திருக்கற மாதிரி. நான் நெனைச்சேன், மனசுக்குள்ள கொண்டாடறான்னு.

ராயப்பண்ணன்தான் போயி ஹெல்மெட்டைக் கழட்டினாரு. ஒதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருந்துது. வெரல்ல மாட்டற கிளிப்பு ஒண்ணு வெச்சிருந்தோம், ஆக்சிஜன் பாக்கறதுக்கு. சட்டம், அதனால வாங்கினது, பெட்டியில அப்படியே கெடந்துது. அதைக் கொண்டாந்து மாட்டினாங்க. அதுல வந்த நம்பரைப் பாத்துட்டு ராயப்பண்ணன், கிளிப்பு கெட்டுப்போச்சுன்னுட்டாரு. பேட்டரியை மாத்தினாரு. தன் வெரல்ல மாட்டிப் பாத்தாரு. கெடலை. மறுபடி அவன் வெரல்ல மாட்டினாரு. அப்படியே அவனைத் தூக்கி வேனுல போட்டாரு.

நான் போகலைங்க. கூடப் போகலைன்னுதான் சுலோசனா இன்னும் சொல்லிச் சொல்லிக் காட்டறா. நான் எப்படிப் போறது? அங்க அந்த மனுசன் நிக்கறாரு. ரவுண்டைப் பாக்கவே இல்லை அவரு. நானும் போயிட்டா அவருக்கு யாரு எடுத்துச் சொல்றது? நான் இருந்ததே சிபிக்காகத்தானுங்க. வாட்ச்சைக் காட்டினேன். மூணாவது வளைவைப் பத்திச் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அவரு வேன் போன தெசையையே பாத்துட்டு நின்னாரு. "அந்தப் பையன் பக்கத்துல நின்னனே நான்"ன்னு மட்டும் சொன்னாரு. காருல ஏறினாரு, கண்ணாடியை ஏத்திட்டாரு. அதோட சரி, இன்னைக்கு வரைக்கும் போனை எடுக்கலை.

ராயப்பண்ணன் எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போனாருன்னு அவருக்கே தெரியாது. கடைசியில ஒரு எடத்துல தாழ்வாரத்துல படுக்க வெச்சு ஆக்சிஜன் வெச்சிருக்கறாங்க. சுலோசனா பொள்ளாச்சியில இருந்து வாடகைக் கார் புடிச்சு வந்து சேந்தா. உள்ள விடலை. வாசல்லயே கெடந்தா. நான் போனப்ப எந்திரிக்கக்கூட இல்லை. "ஏண்ணா, வண்டியில ஒரு போல்ட்டு தளந்தா ரோட்டுல போறப்பவே சொல்லுவே. எம்பையன் மூச்சு எறைக்கறது உனக்குக் கேக்கலையா?"ன்னா.

ஹெல்மெட்டுக்குள்ள இருக்கற மூச்சு வெளியில எப்படிங்க கேக்கும்? சொன்னேன். அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

பொழைச்சுட்டான். சாமி புண்ணியம். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு வெளிய வர. நெஞ்சுல தழும்பு விழுந்திருச்சாம், உள்ள, நுரையீரல்ல. டாக்டரு, ரேஸெல்லாம் மறந்துருங்கன்னுட்டாரு. பாருங்க, பாஸ்போர்ட்டு சும்மா கெடக்குது.

இன்னொரு கூத்து சொல்லட்டுங்களா? அந்த சீசனே நடக்கலைங்க. நாங்க ஊருக்கு வந்த கொஞ்ச நாள்ல எல்லாத்தையும் மூடிட்டாங்க. ஒரு ரேஸு கூட நடக்கலை. அந்த ரவுண்டு டெஸ்டிங்குல ஓட்டினது, அதனால எந்த ரெக்கார்டுலயும் ஏறாது. ராயப்பண்ணன்கிட்டக் கேட்டா, எனக்கு எதுக்குங் அந்தப் பேச்சுன்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. இப்ப எங்கிட்ட இல்லை அவரு, டிராக்டர் கம்பெனிக்குப் போயிட்டாரு. பெயிண்ட்டுக்காரரு பாக்கவே இல்லை. அப்ப அந்த ரவுண்டை வெச்சிருக்கறவன் யாருங்க? நான். அப்புறம் அவன். ரெண்டே பேரு.

அதனாலதானுங்க போன மாசம் போனேன் பொள்ளாச்சிக்கு. எத்தனை நாளைக்கு முறைச்சுக்கிட்டே இருக்கறது? கூப்புடாமத்தான் போனேன். சுலோசனா கேட்டைத் தொறந்தா. வாங்கன்னா. நாற்காலியை வெளியிலயே போட்டா, காரு நிறுத்தற எடத்துல. டீ குடுத்தா, குடுக்கலைன்னு சொல்லக் கூடாது. ஆனா பிளாஸ்டிக் டம்ளர்ல குடுத்தா. கூடப் பொறந்தவனுக்குங்க! குடிச்சேன்.

சிபி ஒரு ஆபீசுல கம்ப்யூட்டர் வேலை பாக்கறான். சாயங்காலம் வந்தான். மாடிக்குப் போறேன் மாமா, சட்டையை மாத்திட்டு வர்றேன்னான். பாதிப் படியில நின்னான். செல்போனை எடுத்துப் பாத்துட்டு நிக்கறான். அதுல ஒண்ணும் இல்லை, வெளிச்சம் கூட இல்லை, எனக்குக் கீழ இருந்து தெரியுது. சும்மா பாக்கற மாதிரி நிக்கறான். அப்புறம் ஏறினான். அப்பவும் மறைச்சான், இப்பவும் மறைக்கறான்.

எறங்கி வந்தான். பக்கத்துல உக்காந்தான். நல்லாத்தான் பேசினான். கோவமே இல்லை. எனக்கு மனசு எளகிப்போச்சு. அவன் கையைப் புடிச்சுட்டுச் சொன்னேன், "மாப்ள, யாரு என்ன சொன்னாலும் சரி. மூணாவது வளைவுல நீ பிரேக்கைத் தொடாமப் போனே பாரு. அதை எவனும் நம்மகிட்ட இருந்து புடுங்க முடியாது. எனக்கு அது போதுமடா"ன்னேன். அழுதுட்டேன்னே வெச்சுக்குங்களே.

அவன் என்னைப் பாத்தான். "எந்த ரவுண்டுங் மாமா?"ன்னான்.

நான் வெளையாடறான்னு நெனைச்சேன். மறுபடி சொன்னேன், கடைசி நாள், பெயிண்ட்டுக்காரரு வந்த அன்னிக்கு, மூணாவது வளைவுன்னு. அவன் நெத்தியைச் சுருக்கி யோசிச்சான். நெசமாவே யோசிச்சானுங்க. "ராயப்பண்ணன் பெல்ட்டு மாட்டினது ஞாபகம் இருக்குதுங். பெல்ட்டு ஜில்லுன்னு இருந்துது. அப்புறம் ஆஸ்பத்திரியில மேல ஃபேன் சுத்தினது. நடுவுல ஒண்ணுமே இல்லீங் மாமா"ன்னான். அப்புறம் என்னைச் சமாதானப்படுத்தற மாதிரி சொல்றான்: "பிரேக்கு மிதிக்கலைன்னா... அன்னிக்குக் காலையில இருந்தே கால் எங்க இருக்குதுன்னே தெரியலீங்."

கேட்டீங்களா தம்பி? இத்தனை செஞ்சவனுக்கு இதுதானுங்க மிச்சம். சுலோசனா சொல்லிக் குடுத்திருப்பா. இல்லைன்னா எவனுக்காவது தான் ஓட்டின ரவுண்டு மறக்குங்களா? எனக்கு நான் தோத்த ரேஸு எல்லாம் கல்லு கல்லா ஞாபகம் இருக்குது. ஜெயிச்சவனுக்கு மறந்து போச்சாம். மறக்கலைங்க. எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு வெச்சுக்கிட்டான்.

அதனாலதான் சொல்றேன், செட்டிங்கை மாத்த மாட்டேன். அந்த பிரேக்கு, அந்த சீட்டு, அந்தத் தளர்வான பெல்ட்டு, அப்படியே இருக்கும். வாங்கறவங்க அப்படியேதான் வாங்கணும். நீங்க சின்ன வயசு, உங்களுக்குப் புரியும். எங்க, ஒண்ணு பண்ணுங்க. பிரேக்கு மேல காலை வைங்க. மிதிக்க வேண்டாம், சும்மா வைங்க. கண்ணை மூடுங்க. நேர் ரோடு முடியுது, வளைவு வருது, முழு வேகம், சுவரு தெரியுது... பாத்தீங்களா, கால் போகுது பாருங்க! போகும். எனக்கும் போகும். நல்லா இருக்கற எந்த மனுசனுக்கும் போகும். அவனுக்குப் போகலை. அதுக்குப் பேரு தைரியம் இல்லாம வேற என்னங்க?

ஏனுங் தம்பி... எறங்கிட்டீங்க? டீ வந்துட்டிருக்குது, உக்காருங்க. நீங்க சொல்லுங்க, வேற என்னங்க?